தொட்டவர் நோட்டு

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆய்வக உதவியாளர் அவள். கடைசி ஆறு மாதம் என்னோடு வேலை பார்த்தவள் என்பதால் என் வாயின் நீளம் அவளுக்குத் தெரியும். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

“எம்மா, பழைய ஃபாரத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திகினு இருக்கோம். அதுல ‘தொட்டவர்’னு ஒரு பக்கம் வருது. பேரு, எப்படித் தொட்டாங்க, காயம் உண்டா இல்லையா, மூணு கட்டம். இப்போதான் வேலைக்குச் சேரும்போதே எல்லாருக்கும் தடுப்பூசி போட்டுடறாங்களே. அந்தப் பக்கத்த எடுத்துடலாமா?”

“எடுக்காதடி” என்றேன்.

“ஏம்மா?”

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலை இத்தனை வருடத்தில் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் தைரியசாலி இல்லை. காட்டு விலங்குகளோடு இருபது வருடம் வேலை செய்தவள் என்றால் ஜனங்கள் ஜான்சி ராணியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். கரப்பான் பூச்சிக்கே கட்டில்மேல் ஏறுகிறவள் நான். எங்கள் குடும்பம் மிஷன் காலத்திலிருந்து சபையைச் சேர்ந்தது. அப்பா பள்ளி வாத்தியார். வேலூர்ப் பக்கம் ஆய்வகப் படிப்பு முடித்தேன். திருத்தணியில் கால்நடை மருத்துவமனையில் மாட்டுச் சாணியையும் பாலையும் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கும் தற்காலிக வேலை கிடைத்தது. மாடு எதிர்த்துப் பேசாது, கடிக்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது மருத்துவமனைக்குப் பின்னால் எழுந்த தகரக் கொட்டகை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கிணற்றில் விழுந்த நரி, பொதட்டூர்பேட்டையில் தறிக்குழிக்குள் ஒளிந்த மரநாய், சென்னை திருப்பதி சாலையில் கனகம்மாசத்திரம் பக்கம் லாரியில் அடிபட்ட குரங்கு என்று வனத்துறையினர் கொண்டுவந்து விடுவார்கள். காயத்தை ஆற்ற வேண்டும். அதைவிட முக்கியமாக, அதன் உடம்பில் ஏதாவது வைரஸ் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்பக் காட்டில் விட வேண்டும். நோயோடு ஒன்றைக் காட்டில் விட்டால் காட்டில் உள்ளதெல்லாம் சாகும். காட்டோரம் மாடு மேய்க்கிறவனும் சாவான். ரத்தம் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். ஆய்வகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

டாக்டர் கேசவுலு எங்கள் மேலதிகாரி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். குள்ளமான மனிதர். குரல் அதைவிடக் குள்ளம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கூண்டுக்குப் பக்கத்தில் போனால் இன்னும் தாழ்த்திக்கொள்வார். ஊசி போடுவதற்கு முன்னால் குரங்கிடம், “நைனா, கொஞ்சம் பொறுத்துக்கோ நைனா” என்று அனுமதி கேட்பார். எங்களிடம் மரியாதையில் ஒரு குறை இருக்காது. ஆனால் ‘ஒண்ணும் ஆகாது’ என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. “ஆவுமா சார்?” என்று கேட்டால், “ஆவாதபடி செய்வோங்க” என்பார். பயந்தவளுக்கு அது எந்த ஆறுதலும் தராத பதில்.

அவர் வைத்த முறை இது. விலங்கு வந்ததும் நெருக்குக் கூண்டில் விட்டு, பக்கத் தட்டியை மெல்லத் தள்ளி அசையாமல் ஒடுக்க வேண்டும். மயக்க மருந்து. பிறகு தொடையில் ரத்தம், மூன்று குழாய். குழாயைச் சாய்த்து வைத்து ரத்தம் உறைந்து மேலே தெளிந்த நீர் பிரியும்வரை காத்திருக்க வேண்டும். அந்தத் தெளிவை எடுத்து, ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்து ரயிலில் சென்னைக்கு அனுப்ப வேண்டும். ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரமாகும். நல்லபடியாக ரிப்போர்ட் வந்தாலும் விடமாட்டார். வெறிநோய் மட்டும் உயிரோடு இருக்கும் விலங்கின் ரத்தத்தில் அகப்படாது. செத்த பிறகு மூளையைப் பார்த்தால்தான் தெரியும். உயிரோடு இருக்கும் விலங்குக்கு ஒரே சோதனை காத்திருப்பதுதான்.

“எத்தினி நாள் சார்?” என்று வனக் காவலர் முனிரத்தினம் முதல் நாளே கேட்டான். கொட்டகைக் காவல் அவன் பொறுப்பு.

“ஒரு மண்டலங்க.”

நாற்பத்தெட்டு நாள். மலைக்கு மாலை போடுகிற ஊரில் அந்தக் கணக்கை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “நம்ம கொரங்கு வெரதத்துல கீதுபா” என்று முனிரத்தினம் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கடைசியாக, தொட்டவர் நோட்டு. பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு, கொட்டகை வாசலில் கயிறு கட்டித் தொங்கும். விலங்கைத் தொட்டவர், அதன் எச்சில் பட்டவர், கூண்டைக் கழுவினவர் யாராக இருந்தாலும் அன்றே எழுத வேண்டும். பெயர், எப்படி, காயம் உண்டா இல்லையா. அதை எழுதுவது என் வேலை. அதற்கு டாக்டர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தார். “எழுத வர்றவங்கள ஒரு வார்த்த திட்டக் கூடாதுங்க. திட்டினா அடுத்த தரம் வர மாட்டாங்க.” நான் தலையாட்டினேன். தலை ஆடியதே தவிர நாக்கு அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், ஆடிக் கிருத்திகைக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போது, மலைப்பாதையில் டிரான்ஸ்பார்மரில் கைவைத்து வலது கை கருகிப்போன ஆண் குரங்கு ஒன்று வந்தது. வால் பாதி அறுந்து கட்டையாகிப்போன குரங்கு. மூன்றாம் நாளே அதைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். மலைமேல் பிரசாதம் சமைக்கும் பரிசாரகர் குடும்பத்தைச் சேர்ந்த ராமநாதன். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, இடுப்பில் ஈரத் துண்டு, கையில் தொன்னை நிறைய மிளகுப் பொங்கல்.

“இவன் எங்க கட்டையன்மா. தினம் ஜன்னல்ல வந்து ஒக்காருவான். பொங்கல் இல்லாம போமாட்டான்” என்றார்.

சொல்லிக்கொண்டே கம்பிக்குள் கையை விட்டுவிட்டார். அவர் கை உள்ளே போனதைப் பார்த்ததும் பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். வெளியே மாட்டோடு பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

“கைய எடுங்க சாமி! போர்டு எழுதி மாட்டியிருக்குதே, கண்ணு தெரியலியா? அந்தக் கொரங்குக்கு இருக்கிற அறிவு கூட உங்களுக்கு இல்லியா?”

பத்துப் பேரும் சிரித்தார்கள். ராமநாதன் முகம் சிவந்து போனது. தொன்னையைக் கீழே வைத்துவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அன்று அவர் பெயரை நோட்டில் எழுதினேன். காயம், இல்லை. அன்றைக்கு அது உண்மைதான்.

இருபதாம் நாள் சென்னையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. தேடிய எதுவும் இல்லை. கை ஆறிக்கொண்டு வந்தது. கிருத்திகைக் கூட்டம் வருவதற்குள் அடிபட்ட குரங்குகள் இன்னும் வரும், கூண்டு வேண்டும், இதை விட்டுவிடுங்கள் என்று வனத்துறையிலிருந்து ஆள் வந்து கேட்டார்கள். டாக்டர் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“ரத்தம் பாதி சொல்லிச்சுங்க. மீதிய நாள் சொல்லட்டும்.”

வந்தவர்கள் போன பிறகு நான் முனிரத்தினத்திடம், “இவருக்கு எப்பவும் சந்தேகம்தான்” என்றேன். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் குரங்கு வாழைப்பழத்தை வாங்கி, வாயருகே கொண்டுபோய், கீழே போட்டது. மறுபடி எடுத்தது. மறுபடி போட்டது. மதியம் அதன் குரல் மாறியிருந்தது. தொண்டையில் எதுவோ அடைத்ததுபோல் ஒரு கரகரப்பு. மறுநாள் ஆறின கையின் கட்டைத் தானே கடித்துப் பிய்த்துக்கொண்டிருந்தது. மோவாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. தண்ணீர்க் கிண்ணம் அப்படியே இருந்தது. டாக்டர் கூண்டுக்கு ஐந்தடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ‘நைனா’ என்று ஒரு தரம்கூட அவர் கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை குரங்கு செத்தது.

தலையை மட்டும் வெட்டி ஐஸில் வைத்துச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் வெட்டினார், நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையுறை, அதற்குமேல் இன்னொன்று, முகத்தைச் சுற்றித் துண்டு, கண்ணுக்குக் கண்ணாடி. கழுத்தெலும்பு விட்ட சமயம் தலை என் பக்கமாகப் புரண்டது. இடது கட்டைவிரலின் அடியில் சுருக்கென்று ஏதோ குத்தியது. எலும்புச் சிம்பு. ஓர் எறும்பு கடித்தால் எவ்வளவு வலிக்கும், அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை.

டாக்டர் அந்த நேரம் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குரங்குகளுக்குக் கன்னத்துக்குள் ஒரு பை உண்டு. கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு அப்புறம் தின்னும். இடுக்கியால் அந்தப் பையிலிருந்து எதையோ வெளியே எடுத்தார். நெய் உறைந்த சோறு, ஒரு முழு மிளகு, பாதி முந்திரி.

“நாம வாழப்பழம், வேர்க்கடல, மொளகட்டின பயறு, இவ்ளோதாங்க குடுக்கறோம். இத யாரு குடுத்தாங்க?”

முனிரத்தினம் கூரையைப் பார்த்தான். “தெர்லயே சார்.”

“முழுங்க முடியாத நெலமையில வாயில போட்டிருக்குது. அப்போ இந்த மூணு நாளுக்குள்ளதாங்க. எச்சில் ரொம்ப மோசமா இருந்த மூணு நாளு.”

நோட்டை எடுத்து அன்றைய பெயர்களை எழுதினேன். டாக்டர், காயம் இல்லை. முனிரத்தினம், காயம் இல்லை. மூன்றாவதாக என் பெயர்: எஸ்தர், கையுறையுடன், காயம் இல்லை. கை நடுங்காமல் எழுதினேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வியப்பு.

ஏன் மறைத்தேன்? என் வேலை அப்போதும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்கும் கோப்பு மேலே போயிருந்தது. விபத்து என்று எழுதினால் கோப்பு திரும்பும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர், ‘இந்தக் கொரங்கு வேலயே வேணாம்’ என்பார். இதெல்லாம் காரணம்தான். ஆனால் அடியில் கிடந்த காரணம் வெட்கம். ஊரையே ‘கையப் பாத்து வைக்கத் தெரியாதா’ என்று ஏசுகிறவள், என் கையை நானே குத்திக்கொண்டு எப்படிப் போய் நிற்பேன்? இன்னொன்று, அந்தக் காலத்து ஊசி தொப்புளைச் சுற்றிப் பதினாலு நாள் போடுவது. அதை நினைத்தாலே எனக்குத் தண்ணீர் இறங்காது. குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவினேன். கால் மணி நேரம் கழுவ வேண்டும் என்று நானே பலருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். வெளியே முனிரத்தினம் செருமினான். இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டேன்.

பகல் ரயிலில் தலையை நான்தான் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் உறை, அதற்குமேல் தகர டப்பா, சுற்றி ஐஸ், வெளியே தெர்மோகோல் பெட்டி. பெண்கள் பெட்டியில் காலுக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரக்கோணம் தாண்டி மணவூரில் கீரைக்கட்டோடு ஓர் அம்மாள் ஏறி எதிரில் உட்கார்ந்து, காலை நீட்டி என் பெட்டிமேல் வைத்தாள்.

“அதும்மேல வைக்காதீங்கம்மா.”

“ஏன், மீனா?”

“மருந்து.”

“மீனுன்னா சொல்லேன், நான் இன்னா கேக்கவா போறேன்” என்று சிரித்தாள்.

திருவள்ளூர் வருவதற்குள் பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. வெறும் ஐஸ் தண்ணீர், டப்பா இறுகச் சாத்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது அந்த அம்மாளின் வெறுங்காலை நோக்கி ஓடியபோது தெரிந்ததெல்லாம் மறந்துவிட்டது. குனிந்து முந்தானையால் துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடி கசிந்தது. சென்னை வரும்வரை குனிந்தபடியே துடைத்துக்கொண்டு போனேன். இடது கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. “ஜெபம் பண்றியாம்மா?” என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆய்வகத்திலிருந்து டாக்டருக்கு போன் வந்தது. வெறிநோய், சந்தேகமே இல்லை. டாக்டர் போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். என் பெயரில் அவர் விரல் நின்றதா, நின்றதாக எனக்குத் தோன்றியதா தெரியவில்லை. “எல்லாருக்கும் ‘இல்லை’ங்க. அந்தப் பொங்கல் மட்டுந்தான் இதுல இல்ல” என்றார்.

அன்று நான் தூங்கவில்லை. வெறிநோய் கண்டவர்களுக்குத் தண்ணீர் இறங்காது, பார்த்தாலே பயம் வரும். மறுநாள் காலை ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். குத்துப்பட்டு இரண்டு நாளில் எந்த அறிகுறியும் வராது. வாரங்கள் ஆகும், மாதங்கள் ஆகும். வந்துவிட்டால் அப்புறம் எந்த வைத்தியமும் கிடையாது. பாடம் எல்லாம் தெரிந்துதான் நின்றேன். ஒரு வாய் குடித்தேன். இறங்கியது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன்.

கொட்டகைக்குப் போனதும் முனிரத்தினம் ஓடிவந்தான். அவனும் தூங்கவில்லை போலிருந்தது. “எக்கா, சாருகிட்ட சொல்லிடாத. அந்த பொங்க சாமி வந்துகினுதான் இருந்தாரு. நீ சாப்பாட்டுக்குப் போற நேரமாப் பாத்து வருவாரு. எனக்கும் ஒரு தொன்ன குடுப்பாரு. நீ திட்டுவேன்னுதான் நோட்டுல எழுதல.”

“கடைசியா எப்போ வந்தாரு?”

“அது சாவறதுக்கு மொத நாளு. கைய உள்ள வுட்டாரு. வெடுக்குனு இஸ்துகினாரு. கேட்டா ஒண்ணுமில்லன்னாரு.”

நான் மலைப்படி ஏறினேன். முன்னூற்று அறுபத்தைந்து படி. கிருத்திகைக்கு ஐந்து நாள் இருந்தது, காவடிகள் வர ஆரம்பித்திருந்தன. அரோகரா சத்தத்துக்கு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. சமையல் கட்டுக்குப் பின்புறம், பாத்திரம் கழுவும் இடத்தில் ராமநாதனைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார். வலது கையைத் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தார்.

“சாமி, கட்டையன் செத்துட்டான்.”

அவர் கண் கலங்கியது. “கேள்விப்பட்டேன்.”

“வெறிநோயாம். சென்னையில சொல்லிட்டாங்க. கைய காட்டுங்க.”

“இதுவா? எண்ணெய் தெறிச்சுடுத்து. வடை போடறச்சே.”

“காட்டுங்க.”

மஞ்சள் துணியை அவிழ்த்தார். நடுவிரலில் இரண்டு பக்கமும் இரண்டு பள்ளம்.

“எண்ண பட்டா கொப்புளம் வரும் சாமி. பல்லு பட்டாதான் இப்படி வரும். கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, ரத்தக் காயத்தோட உள்ள போப்படாது. போனது தெரிஞ்சாலே போச்சு. எங்க பங்காளிகள்ல முறை வெச்சுத்தான் சமைக்கறோம். கிருத்திகை முறை எங்காத்துக்கு ஆறு வருஷம் கழிச்சு வந்திருக்கு. இன்னும் அஞ்சு நாள். முடிஞ்சதும் வரேன். இது சின்னக் காயம், மஞ்சளும் விபூதியும் போட்டிருக்கேன். முருகன் பாத்துப்பான்.”

“அஞ்சு நாள் கழிச்சு வந்தா முருகனும் பாக்க முடியாது, ஏசுவும் பாக்க முடியாது.”

“போன தடவை பத்துப் பேர் முன்னாடி கத்தினேளே, அந்த மாதிரி இங்க கத்திடாதீங்கோம்மா” என்றார். கைகூப்பி நின்றார். அப்போது அவர் பார்வை என் இடது கையில் நின்றது. பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன்.

“ஒங்க கைக்கு என்ன?”

“வெங்காயம் நறுக்கறப்போ பட்டுது.”

அவர் என் கையையே பார்த்தார். தலைமுறை தலைமுறையாகக் காய் நறுக்கும் குடும்பம். “அருவாமணைல வெங்காயம் நறுக்கினா விரல் நுனில படும்மா. நகத்துல படும். கட்டைவிரல் அடியில எப்படிப் படும்?”

படிக்கட்டுப் பக்கம் யாரோ மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே எச்சில் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

“கட்டையனோட தலைய அறுக்கறப்போ குத்திடுச்சு சாமி. நோட்டுல ‘இல்லை’ன்னு எழுதிட்டேன். மூணு நாளா தண்ணியப் பாத்தாலே பயமா இருக்குது. அன்னிக்கு ஒங்களத் திட்டாம இருந்திருந்தா நீங்களும் எழுதியிருப்பீங்க. எனக்கு சாவ பயமா இருக்குது சாமி.”

அவர் எழுந்து உள்ளே போனார். ஓடிப்போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது இடுப்பிலிருந்த சமையல் துண்டு இல்லை. தம்பி முறை ஆகிறவரிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். காரணத்தை அங்கேயே எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டாராம்.

“வாங்கோ” என்றார். “ரெண்டு பேருமாப் போனா கொஞ்சம் பயம் கொறையும்.”

குறையவில்லை. கொட்டகை வாசலில் டாக்டர் நின்றிருந்தார். அவர் கையில் இடுக்கியில் பிடித்த ஒரு கையுறை. எரிப்பதற்குமுன் கழிவு வாளியில் எண்ணிப் பார்த்திருக்கிறார். கட்டைவிரல் அடியில் கிழிசல். நான் வாயைத் திறப்பதற்குள் நோட்டை நீட்டினார்.

“நீங்களே திருத்துங்கம்மா” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

‘இல்லை’யை அடித்து ‘உண்டு’ என்று எழுதினேன். கீழே ராமநாதன் பெயரை எழுதி, அவர் கட்டத்திலும் ‘உண்டு’ எழுதினேன். பிறகு டாக்டர் எங்கள் இருவர் கையையும் குழாயடியில் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கால் மணி நேரம் தானே சோப்புப் போட்டுக் கழுவினார்.

பதினாலு நாளும் அரசு மருத்துவமனையில் இருவரும் ஒரே வரிசையில் நின்றோம். வயிற்றில் குத்திய இடமெல்லாம் கட்டி கட்டியாக வீங்கியது. கிருத்திகையன்று மலையிலிருந்து மேளச் சத்தம் கீழே கேட்டது. ராமநாதன் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, ஊசிக்காக நின்றிருந்தார். ஊசி போட்டாலும் முழு நிம்மதி கிடையாது. நாங்கள் தாமதித்தவர்கள். ஊசி முந்துமா, நோய் முந்துமா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இப்போது நாங்கள்தான் கூண்டில் இருந்தோம், மண்டலக் கணக்கில்.

அதற்குப் பிறகு எப்போது பார்த்துக்கொண்டாலும் எங்கள் விசாரிப்பு ஒன்றுதான்.

“தண்ணி குடிச்சீங்களா சாமி?”

“ஆச்சும்மா. நீங்கோ?”

“ஆங், குடிச்சேன்.”

கேட்கிறவர்களுக்கு இரண்டு பைத்தியங்கள் பேசிக்கொள்வதுபோல் இருந்திருக்கும். ஒரு வருடம் போனது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறைக்கு ராமநாதன் ஆறு வருடம் காத்திருந்து கிருத்திகைக்குச் சமைத்தார். எனக்கு ஒரு தொன்னைப் பொங்கல் கொடுத்தனுப்பினார். என் வேலையும் நிரந்தரமானது. நான் பயந்தபடி எந்தக் கோப்பும் திரும்பவில்லை. டாக்டர் ஓய்வு பெற்று நகரிப் பக்கம் போய்விட்டார். அதற்கப்புறம் யாரையும் நான் திட்டவில்லை என்று சொன்னால் சங்கீதா சிரிப்பாள். திட்டினேன். நோட்டின் பக்கத்தில் நின்று மட்டும் திட்டியதில்லை. இன்றும் காலையில் முதல் வாய்த் தண்ணீர் இறங்கும்வரை நான் யாரோடும் பேசுவதில்லை.

இவ்வளவையும் எழுதி, கடிதமாகவே சங்கீதாவுக்கு அனுப்பினேன். அடியில் இதையும் சேர்த்தேன்: ‘பக்கத்தை எடுக்காதே. முதல் வரியில் ஃபாரம் நிரப்புகிறவர் தன் பெயரைத்தான் எழுத வேண்டும் என்று போடு. நான் என் பெயரை மூன்றாவதாகத்தான் எழுதினேன்.’

ஒரு வாரம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. நேற்று மத்தியானம் போன் வந்தது.

“எம்மா, நீங்க சொன்ன மாதிரியே ஃபாரம் போட்டுட்டேன். முதல் வரியில என் பேரு.”

“சரி.”

“காலையில ஒரு நரி வந்துது. கெணத்துல விழுந்தது.”

“சரி. எழுதினியா?”

“எழுதிட்டேம்மா” என்றாள். என் இடது கட்டைவிரலை நான் அழுத்திப் பிடித்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

“மூணாவது கட்டத்துல என்ன போட்டிருக்க, சங்கீதா?”

“‘உண்டு’ன்னு போட்டிருக்கேம்மா” என்றாள். “இப்போ கொழாயடியிலதான் நிக்கறேன். கால் மணி நேரம் ஆவறவரைக்கும் போன வெச்சிடாதீங்க.”